சுவரில் இடும் துளை

புகையில்லா அடுப்பு என்பது நம் நாட்டுக் கள ஊழியர்களுக்கு நன்கு பழகிய சொல். வார்தாவின் மகன்வாடியில் உருவான மகன் சுல்ஹா, ஹைதராபாத்தின் பொறியியல் ஆராய்ச்சிக்கூடத்தில் எஸ். பி. ராஜு அவர்கள் வகுத்து 1950-களில் பலரும் அறிந்த ஹெர்ல் சுல்ஹா, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் அஸ்த்ரா குழுவினர் பின்னாளில் வகுத்த அஸ்த்ரா ஒலே ஆகியவை அந்த வரிசையில் நினைக்கத் தக்கவை. 1980-களில் மத்திய அரசு தொடங்கி 2002 வரை நடத்திய தேசிய அடுப்புத் திட்டத்தின்கீழ் மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள் அமைக்கப்பட்டன. இம்முயற்சிகள் எல்லாவற்றிலும் அடுப்பின் வாய், தீயறை, விறகுச் சிக்கனம் என்பன பற்றி நாம் மிகுதியாக ஆராய்ந்தோம். ஆனால் புகைக்குழாய் வீட்டைவிட்டு வெளியேறும் அந்த ஓரிடத்தைப் பற்றி, அதாவது சுவரில் இடும் துளையைப் பற்றி, அதே அளவு கவலைப்பட்டோம் என்று கூறுவதற்கில்லை.

இமயமலைப் பகுதிகளில் இக்குறை அலட்சியப்படுத்தத் தக்கதன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து. அங்கு ஒரு வீடு பாதுகாப்பானதா, ஆபத்தானதா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அடுப்பன்று, துளையே ஆகும். ஆகவே துளைக்குத் தகுந்த இடம் இல்லாத சுவரில் குழாய் பொருத்த மறுக்கும் உரிமை ஊழியருக்கு இருத்தல் வேண்டும். மறுப்பது அவர் கடமையாகவும் கருதப்படவேண்டும்.

கல்லுக்குள் மரம்

புகைபோக்கி என்றதும் நம்மில் பலர் அடுக்களைக் கூரையில் ஓடுகளுக்கிடையே விட்ட திறப்பை நினைப்போம். மலைநாட்டில் நிலைமை வேறு. காஷ்மீரத்தில் புகாரி என்றும், ஹிமாசலத்தில் தந்தூர் என்றும் வழங்கும் தகட்டடுப்பு அறையின் நடுவிலோ சுவரோரமாகவோ நிற்கிறது. குளிர்காலத்தில் சமையலும் அதில், உடலுக்குச் சூடும் அதில். நாளில் பல மணி நேரம் அது எரியும். அதிலிருந்து எழும் இரும்புக் குழாய் கூரையையோ சுவரையோ துளைத்துக்கொண்டு வெளியே செல்கிறது.

அந்தச் சுவர் எதனாலானது? ஹிமாசலத்தின் குல்லு, சிம்லா முதலிய மாவட்டங்களில் காத்குனி என்னும் கட்டட முறை உண்டு. ஒரு வரிசை தேவதாரு மரக்கட்டை, ஒரு வரிசை காரையில்லாக் கல் என்று மாறி மாறி அடுக்கி எழுப்புவது அது. காஷ்மீரத்தில் தஜ்ஜி தேவாரி என்னும் முறையில் மரச்சட்டங்களைப் பின்னி, இடையிடையே கல்லும் மண்ணும் நிரப்பி மேலே பூசுகிறார்கள். இவ்விரண்டும் நிலநடுக்கத்தைத் தாங்கும் அரிய முறைகள். முன்னோரின் அறிவுக்குச் சான்றுகள். ஆனால் பூச்சு பூசிய பின், சுவருக்குள் இருக்கும் மரம் கண்ணுக்குத் தெரியாது. கற்சுவர் என்று எண்ணி ஊழியர் துளையிடுவார். குழாயோ மரக்கட்டைக்கு இரண்டங்குலத் தொலைவில் போய் நிற்கும். லடாக்கில் சுவர் பெரும்பாலும் வெயிலில் உலர்த்திய மண்கட்டியாலானது. அங்கே சுவரில் ஆபத்துக் குறைவு. ஆனால் அதன் கூரை பாப்லார் மர உத்தரங்களின் மேல் வில்லோக் குச்சிகளும் புல்லும் பரப்பி மண் மூடியது. எனவே ஒரே விதி எல்லா மாவட்டத்துக்கும் பொருந்தும் என்று எண்ணுதல் தவறு. முதல் வேலை, சுவரைத் தட்டிப் பார்த்தும், பூச்சைச் சிறிது சுரண்டிப் பார்த்தும், வீட்டுப் பெரியவரையும் ஊர்க் கொத்தரையும் கேட்டும், மரம் எங்கே ஓடுகிறது என்பதைத் தெரிந்துகொள்வதே.

மரம் தீப்பற்றும் விதம்

ஆசிரியர்கள் தெளிவாக விளக்கவேண்டிய ஓர் உண்மை உண்டு. புது மரம் ஏறத்தாழ 250 டிகிரி சென்டிகிரேடு சூட்டுக்கு மேல்தான் எளிதில் தீப்பற்றும். ஆயினும் நூறு டிகிரியைச் சற்றே கடந்த சூடு நாள்தோறும், மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தாக்கினால், மரம் உள்ளீரம் இழந்து மெல்ல மெல்லக் கரியாகிறது. கரியான மரம், புது மரத்தைவிட மிகக் குறைந்த சூட்டில் கனன்றுவிடக்கூடும். எனவே, "பத்து ஆண்டாக இப்படித்தான் இருக்கிறது; ஒன்றும் நேரவில்லை" என்று வீட்டார் கூறுவது ஆறுதலுக்குரிய செய்தியன்று. அந்தப் பத்து ஆண்டுகளும் சுவருக்குள் மரம் தீக்குத் தயாராகி வந்த காலமாக இருக்கலாம். தீ வெளிப்படுமுன் பல மணி நேரம் உள்ளேயே கனன்று கொண்டிருப்பதும் உண்டு.

ஒற்றைத் தகட்டாலான குழாய் நன்கு எரியும் அடுப்பின்மேல் சில நூறு டிகிரி வரை சூடேறும். குழாயினுள் படிந்த தாரும் புகைக்கரியும் தீப்பற்றிக் கொண்டாலோ, வெப்பம் ஆயிரம் டிகிரியையும் கடக்கலாம். இக்காரணத்தால்தான், ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் எரியக்கூடிய எப்பொருளுக்கும் இடையே 18 அங்குல இடைவெளி வேண்டும் என்பது அமெரிக்கத் தீத்தடுப்பு விதிகளில் நெடுங்காலமாக இடம்பெற்றிருக்கிறது. மரச்சட்டச் சுவரைக் கடக்கும்போது குழாயைச் சுற்றி எல்லாப் பக்கமும் 12 அங்குலச் செங்கற்கட்டு இருந்தால் போதும் என்று அதே விதிகள் இன்னொரு வழியையும் காட்டுகின்றன.

இதை வீட்டுக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். குழாயின் விட்டம் 6 அங்குலம் என்று கொள்வோம். செங்கற்கட்டு முறையில் 12-உம் 6-உம் 12-உம் சேர்ந்து 30 அங்குலம். அதாவது இரண்டரை அடிச் சதுரத்துக்குச் சுவரில் மரமே இருத்தலாகாது. செங்கல் இன்றிக் குழாயை வெறுமனே விடுவதாயின் 18-உம் 6-உம் 18-உம் சேர்ந்து 42 அங்குலம். மூன்றரை அடிச் சதுரம். ஆறங்குலக் குழாய்க்கு ஏழங்குலத் துளை போதும் என்று எண்ணுவதற்கும் இந்தக் கணக்குக்கும் உள்ள வேறுபாடே, ஒரு வீட்டுக்கும் சாம்பலுக்கும் உள்ள வேறுபாடு.

காத்குனிச் சுவரில் மரக்கட்டைகள் சுவரின் நீளம் முழுதும் ஓடிச் சுமையைத் தாங்குகின்றன. அவற்றை அறுத்து இரண்டரை அடிச் சதுரம் உண்டாக்கினால் சுவரின் உறுதியே கெடும். எனவே அத்தகைய சுவரில் துளையிடுவதைத் தவிர்த்து, பின்னாளில் கல்லாலோ செங்கல்லாலோ எழுப்பிய பகுதியை, அல்லது மரம் பயிலாத சமையற்கட்டுச் சுவரைத் தேடுவதே முறை.

துளையும் குழாயும்

இடம் தேர்ந்த பிறகு செய்யவேண்டியவை கடினமானவையல்ல. குழாயைச் சுவரோடு சேர்த்துக் காரையிட்டுப் பூசிவிடலாகாது. இரும்பு சூடேறினால் நீளும். ஒரு மீட்டர் நீளக் குழாய் 300 டிகிரி சூடேறும்போது ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர் நீளுகிறது. அசைய இடமில்லாவிட்டால் பூச்சு வெடித்து, அந்த வெடிப்பின் வழியே புகையும் பொறியும் சுவருக்குள் புகும். ஆகவே சுவரின் முழுக் கனத்துக்கும் சுட்ட மண்குழாய் ஒன்றை உறையாகப் பதித்து, அதனுள் இரும்புக் குழாய் தாராளமாகச் சென்று வரும்படி அமைக்கவேண்டும். இடைவெளி வழியே குளிர்காற்று வருகிறதென்று துணி, வைக்கோல், செய்தித்தாள், நுரைப்பஞ்சு ஆகியவற்றைத் திணிப்பது தீயை அழைப்பதாகும். எரியாத பாறைப்பஞ்சே அங்கு ஏற்றது. பாறைப்பஞ்சு என்றது பாறையை உருக்கி நூற்ற பஞ்சை; ஆஸ்பெஸ்டாஸை அன்று. பழைய அடுப்புகளில் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்டுக் குழாய்கள் இன்னும் நிற்கும் வீடுகள் இருக்கலாம். அவற்றின் இழைகள் நுரையீரலுக்குக் கொடிய தீங்கு செய்வன. அவற்றை அறுக்கவோ, துளையிடவோ, உடைக்கவோ கூடாது. தாழ்வாரத்தில் எஞ்சிக் கிடக்கும் துண்டைப் புதுத் துளைக்கு உறையாகப் பயன்படுத்துவதும் கூடாது.

படுக்கையாகச் செல்லும் பகுதி இயன்றவரை குறுகியதாகவும், அடுப்பிலிருந்து வெளிப்புறம் நோக்கி ஓர் அடிக்குக் கால் அங்குலமாவது மேலேறுவதாகவும் இருக்கவேண்டும். வளைவுகள் இரண்டுக்கு மேற்படலாகாது. ஒரு குழாயின் சுருக்கிய முனை அடுத்த குழாய்க்குள் நுழையும்போது, அம்முனை அடுப்பை நோக்கியே அமையவேண்டும். இதைப் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். புகை மேலே போவதால் சுருக்கிய முனையும் மேல் நோக்க வேண்டும் என்று அவர்கள் எண்ணுவது இயல்பே. ஆனால் குழாய்க்குள் புகை மட்டும் இல்லை. குளிர்ந்து திரண்ட தார்நீர் கீழ்நோக்கி வழிகிறது. சுருக்கிய முனை அடுப்பை நோக்கி இருந்தால் அது குழாய்க்குள்ளேயே இறங்கித் தீயில் விழும்; மாறாக இருந்தால் ஒவ்வோர் இணைப்பிலும் வெளியே கசிந்து சுவரிலும் தரையிலும் படியும். ஒவ்வோர் இணைப்பையும் மூன்று திருகாணிகளால் இறுக்குவது நலம்.

குழாய் சுவருக்கு வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டு அங்கேயே முடிவது வேலை முடிந்ததாகாது. அவ்வாறு விட்டால் எதிர்க்காற்று புகையை உள்ளே தள்ளும். பொறி மேல்மாடித் தாழ்வாரத்தில் குவித்த உலர்புல்லில் விழும். மலைக் கிராமங்களில் வீடுகள் நெருங்கி நிற்பவை. 2008-ஆம் ஆண்டு ஜனவரியில் குல்லு மாவட்டத்து மலானா கிராமத்தில் பரவிய தீ, பல வீடுகளையும் பழமையான கோயிற் கட்டடங்களையும் அழித்தது. அத்தீயின் தோற்றத்தைப் பற்றி இங்கு நாம் ஆராயவில்லை. ஒரு வீட்டில் தொடங்கும் தீ ஒரு வீட்டோடு நிற்பதில்லை என்பதற்கு அது போதிய சான்று. ஆகவே குழாய் வெளியே நிமிர்ந்து, கூரையைக் கடக்கும் இடத்திலிருந்து மூன்றடி உயரமும், பத்தடித் தொலைவுக்குள் உள்ள எதனினும் இரண்டடி உயரமும் எழவேண்டும். வளைவின் அடியில் சாம்பல் வாங்க ஒரு மூடியும் வேண்டும்.

இழுப்பு என்னும் பாடம்

இங்கே ஒரு மாற்றுக் கருத்தையும் கவனித்தல் நேர்மை. சுவரைத் துளைத்து வெளியே ஏறும் குழாய், அறைக்குள்ளேயே ஏறிக் கூரை வழிச் செல்லும் குழாயைவிடக் குளிர்ந்துபோகும். புகையை மேலே இழுப்பது வெளிக்காற்றுக்கும் உட்புகைக்கும் உள்ள எடை வேற்றுமை. நான்கு மீட்டர் உயரக் குழாயில், வெளியே பூச்சியம் டிகிரி, உள்ளே சராசரி 150 டிகிரி என்றால், இழுப்பு ஏறத்தாழ 18 பாஸ்கல். இரண்டு மில்லிமீட்டர் நீருயரத்துக்கும் குறைவான இந்தச் சிறு அழுத்தமே அடுப்பை எரியச் செய்கிறது. அதே குழாய் வெளியே குளிர்ந்து உட்புகை 50 டிகிரிக்கு இறங்கினால், இழுப்பு 8 பாஸ்கலுக்குக் குறைந்துவிடும். புகை திரும்பும், தார் படியும். உயர்நிலைப் பள்ளி மாணவர் இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம். காற்றின் அடர்த்தி பற்றிய பாடத்துக்கு இதனினும் பயனுள்ள எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

ஆகவே சுவர் வழியே செல்லவேண்டிய இடத்தில், குழாய் முதலில் அறைக்குள் இயன்ற உயரம் ஏறிப் பின்னரே சுவரைக் கடக்கட்டும். அறைக்குள் ஏறும்போதும் உட்கூரைப் பலகைக்கு 18 அங்குலம் விடுவதை மறத்தலாகாது. வெளிப்பகுதிக்கு நடுவில் வெப்பத்தடை நிரப்பிய இரட்டைத் தகட்டுக் குழாய் கிடைக்குமானால், செலவு கூடினும் அதுவே சிறந்தது. விறகு உலர்ந்ததாக இருப்பதும் இதற்கு ஈடான முதன்மையுடையது. புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி நீர்; அந்நீரை ஆவியாக்குவதிலேயே வெப்பம் செலவாகிப் புகை குளிர்ந்துவிடுகிறது.

அடைபட்ட குழாயும், பனி மூடிய குழாய்முனையும் இன்னொரு பகையை வீட்டுக்குள் விடுகின்றன. கார்பன் மோனாக்சைடு நிறமற்றது, மணமற்றது. இரத்தத்தின் சிவப்பணுப் பொருளோடு பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேற்பட்ட நாட்டத்துடன் சேர்வது. கதவு சன்னல்களை இறுக அடைத்து, கனலை விட்டுவிட்டு உறங்கும் குடும்பத்தார் தலைவலியும் மயக்கமும் குளிரால் வந்தவை என்று எண்ணுவர். சன்னலில் இரண்டு விரற்கடை திறப்பு விடுதல், பனி பெய்த காலையில் குழாய்முனையைப் பார்த்தல், இயலுமிடத்தில் அவ்வாயுவைக் காட்டும் எச்சரிக்கைக் கருவி பொருத்துதல் ஆகியவற்றை வீட்டாருக்குத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும்.

எண்ணிக்கை போதாது

ஒடிசாவில் 44 கிராமங்களில் ஏறத்தாழ 2,600 குடும்பங்களிடையே புகைபோக்கியுள்ள மண்ணடுப்புகளைப் பற்றி நடந்த ஆராய்ச்சி ஒன்று 2016-இல் வெளியாயிற்று. முதல் ஆண்டில் பெண்கள் உட்கொண்ட புகை குறைந்தது. நான்கு ஆண்டு நோக்கியபோது அந்நன்மை மறைந்துவிட்டது. அடுப்புகள் சீராகப் பயன்படவில்லை, பழுதுபார்க்கப்படவில்லை. அடுப்பு அமைத்த எண்ணிக்கை பதிவேட்டில் அப்படியே இருந்தது. பயன்தான் இல்லாமற் போயிற்று. மலைப்பகுதியில் அதே கவனக்குறைவு புகையோடு நில்லாது; தீயாகவும் முடியும்.

சமையல்வாயு பரவிவருவதால் இக்கவலை தேவையில்லை என்பர் சிலர். 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் பெரிய மாறுதலைச் செய்தது உண்மை. எனினும் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தூய எரிபொருளில் சமைப்போர் நாட்டில் நூற்றுக்கு 58.6 குடும்பத்தினர், கிராமங்களில் 43.2 மட்டுமே. மேலும் வாயு சோற்றை வேகவைக்கும். ஆறு மாதக் குளிரில் அறையைச் சூடாக்க மலைநாட்டுக் குடும்பம் அதை நம்பி இருப்பதில்லை. வாயு வந்த வீட்டிலும் புகாரியின் குழாய் சுவரில்தான் இருக்கிறது.

இன்னொரு தடை கனமானது. "துளையிட மறுத்தால் அந்த வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் புகையிலேயே இருப்பார்களே, மெல்லக் கொல்லும் புகையைவிட வருமோ வராதோ என்னும் தீ பெரிதா?" என்று கேட்கலாம். இக்கேள்வியைத் தட்டிக் கழிக்க இயலாது. ஆனால் மறுப்பு என்பது கைவிடுதல் அன்று. இந்தச் சுவரில் வேண்டாம் என்று சொல்லும் ஊழியர், எந்தச் சுவரில் வேண்டும் என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர். அடுப்பை நான்கடி நகர்த்தினால் கற்சுவர் கிடைக்கலாம். கூரை வழி எளிதாகலாம். செங்கற்கட்டுக்குக் கொத்தர் கூலி பெற்றுத் தரலாம். அதுவரை காற்றுக்கு வழி செய்து தரலாம். புகையைத் தீயாக மாற்றித் தருவது மட்டும் தொண்டாகாது.

ஆகவே மூன்று மாறுதல்களை வற்புறுத்த விரும்புகிறோம். முதலாவது, அடுப்புப் பதிவேட்டில் துளைக்கெனத் தனிப் பத்தி வேண்டும். சுவர் எதனாலானது, மரம் எவ்வளவு தொலைவில் உள்ளது, உறை எது, குழாய்முனை எவ்வளவு உயரம் என்ற நான்கும் அளந்தெழுதப்படவேண்டும். இரண்டாவது, துளைக்கான செங்கல், உறைக்குழாய், கொத்தர் கூலி ஆகியவை அடுப்பின் விலையோடு சேர்த்தே திட்டத்தில் மதிப்பிடப்படவேண்டும். அடுப்பை அரசு தரும், துளையை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார் என்பது பொறுப்பை ஏழையின் தலையில் வைப்பதாகும். மூன்றாவது, தகுந்த இடமில்லை என்று எழுதி மறுத்த ஊழியரின் மாதக் கணக்கில் அது குறையாக அன்றி, செய்து முடித்த வேலையாகவே எண்ணப்படவேண்டும். இம்மூன்றாவது இல்லாவிட்டால் முதலிரண்டும் ஏட்டளவில் நின்றுவிடும். எண்ணிக்கைக்கு அஞ்சும் ஊழியரிடம் மறுக்கும் துணிவை எதிர்பார்ப்பது நியாயமன்று.

ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. குளிர்காலம் தொடங்குமுன், மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டுக் குழாய்க்கும் அண்மையிலுள்ள மரத்துக்கும் இடையே அளந்து வரட்டும். அடுப்பு ஒரு மணி நேரம் எரிந்த பின், குழாயைத் தொடாமல், துளைக்கருகே சுவரிலும் மரத்திலும் பெரியவர் ஒருவர் புறங்கையை வைத்துப் பார்க்கட்டும். கை தாங்காத சூடு அங்கிருந்தால், அந்த வீட்டின் பெயர் அன்றே ஊழியரிடம் சேரவேண்டும். குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை குழாயைக் கழற்றித் தட்டித் துடைப்பதும் இப்பாடத்தைச் சேர்ந்ததே. உட்படிவு கால் அங்குலம் ஆகும்வரை காத்திருத்தல் ஆகாது.

மலைநாட்டு மக்கள் மரத்தையும் கல்லையும் இணைத்துப் பூமி அதிர்ச்சிக்கும் அசையாத வீடுகளைக் கட்டத் தெரிந்தவர்கள். அவ்வீடுகளுக்குள் தகட்டடுப்பையும் இரும்புக் குழாயையும் கொண்டு செல்பவர்கள், அவற்றின் சுவர்களைப் படிக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். உளியை எடுப்பதற்கு முன் அளவுகோலை எடுப்பது அக்கல்வியின் தொடக்கம்.